கரடு நிலத்துக்கு ஒரு ஜீரோ டர்ன்: வர்ஜீனியாவில் ஒரு புல்வெட்டிக் குறிப்பேடு

பிப்ரவரி

லூயிசா கவுண்டியில் எங்கள் நிலம் ஏழு ஏக்கர். வீடு, மரக்கூட்டம், சரளைப் பாதை, குளம் போக வெட்ட வேண்டிய புல் ஏறக்குறைய ஐந்து ஏக்கர். வர்ஜீனியாவின் நடுப்பகுதியான இந்தப் பீட்மான்ட் நிலம் செம்மண் களி. எங்களுக்கு முன்பு மாடு மேய்ந்த இடம் என்பதால், மழைக்காலத்தில் பதிந்த குளம்புக் குழிகள் அப்படியே இறுகிப்போய்க் கிடக்கின்றன. மேலே டால் ஃபெஸ்க்யூ புல். தூரத்திலிருந்து பார்க்கப் பச்சைக் கம்பளம். மேலே வண்டி ஓட்டினால்தான் உண்மை தெரியும்.

ஃபெஸ்க்யூ குளிர் விரும்பும் புல். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெறியோடு வளரும், ஜூலை வெயிலில் சுருண்டு படுக்கும், செப்டம்பரில் மறுபடி எழும். வெட்டாமல் விட்டால் அழகு போவது சிறிய கவலை. லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி இந்தப் பக்கம் தாராளம். பிள்ளைகள் ஓடும் இடத்தில் முழங்கால் உயரப் புல்லை நிற்கவிட முடியாது.

முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற 42 அங்குல டிராக்டர் வகைப் புல்வெட்டி வாரத்துக்கு ஒரு சனிக்கிழமையை விழுங்குகிறது. கணக்கு எளிது. அங்குல அகலத்தை மணிக்கு மைல் வேகத்தால் பெருக்கி 99-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் வெட்டும் ஏக்கர் கிடைக்கும். (ஒரு அங்குல அகலம் ஒரு மைல் ஓடினால் 440 சதுர அடி; ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி.) திரும்புவதற்கும், ஒரு வரிசையின் ஓரத்தை அடுத்த வரிசை சற்றே கவிந்து வெட்டுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். 42 அங்குலம், மூன்று மைல் வேகம் என்றால் மணிக்கு ஒரு ஏக்கர்தான். ஐந்து ஏக்கருக்கு ஐந்து மணி நேரம். முதுகுக்கு அதற்கு மேலும். அதனால்தான் நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய ஜீரோ டர்ன் புல்வெட்டி ஒன்று தேடுகிறேன்.

மார்ச் தொடக்கம்

கடைகள் பேசும் மொழி குதிரைத்திறன். அதில் மயங்காமல் இருக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது. கவாசாகியின் எஃப்ஆர்691வி, எஃப்எக்ஸ்730வி இரண்டும் 726 சிசி எஞ்சின்கள். முதலாவது 23 குதிரைத்திறன், இரண்டாவது 23.5. அரைக் குதிரைக்கு ஏன் இவ்வளவு விலை வேறுபாடு என்று தோன்றும். எஃப்ஆர் வீட்டுப் பயன்பாட்டு வண்டிகளுக்கு, எஃப்எக்ஸ் நாள் முழுக்கப் புல் வெட்டிப் பிழைப்பவர்களுக்கு. எஃப்எக்ஸில் உருளை வடிவத்தில் பெரிய காற்று வடிகட்டி இருக்கும். ஆகஸ்டு மாதத்துச் செம்மண் புழுதியை ஒருமுறை பார்த்தவருக்கு, அந்த வடிகட்டி அரைக் குதிரையைவிடப் பெரிதாகத் தெரியும்.

அடுத்தது பின்சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோ. ஜீரோ டர்ன் வண்டியில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் பம்ப், தனி மோட்டார், தனிக் கைப்பிடி. ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். 1960-களில் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரெகியர் என்பவர் உருவாக்கிய அமைப்பு இது. ஹஸ்ட்லர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடிப்படை இன்றும் மாறவில்லை. பல நிறுவனங்களுக்கு இந்தப் பம்பும் மோட்டாரும் சேர்ந்த பெட்டியைச் செய்துதருவது ஹைட்ரோ-கியர் என்ற ஒரே நிறுவனம். ஆகவே வண்டியின் நிறத்தைப் பார்க்காமல் குனிந்து பெட்டியின் எண்ணைப் பார்த்தேன். சிறிய வகைகளில் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி மாற்ற வழியில்லை. இசட்டி-3400, 5400 போன்றவற்றில் இருக்கிறது. எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற முடிகிற பெட்டி உழைக்கும். மாற்ற முடியாதது ஒருநாள் சூடேறி இழுவை இழக்கும். அதன் பிறகு பெட்டியையே மாற்ற வேண்டியதுதான்.

பிளேடுகள் சுழலும் உலோகக் கூடான டெக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது வேண்டாம், தடித்த தகட்டை வெட்டிப் பற்றவைத்தது வேண்டும். பிளேடைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்குக் கிரீஸ் அடிக்கும் முனை இருந்தால் நல்லது.

மனைவி விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, “இந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வாங்கலாமே” என்றாள். வாங்கலாம், நல்ல காராகவே வாங்கலாம். வணிகத் தர ஜீரோ டர்ன் பதினாயிரம் டாலரை ஒட்டித்தான் தொடங்குகிறது. எங்கள் பயன்பாடு ஆண்டுக்கு எழுபது மணி நேரத்தைத் தாண்டாது. ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைக்கச் செய்த இயந்திரம் நமக்கு எதற்கு என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மணிக்கணக்கில் இல்லை, நிலத்தில் இருந்தது. அது அடுத்த மாதம்தான் எனக்கே விளங்கியது.

மார்ச் இறுதி

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் புதர்வெட்டியே போதும் என்கிறார். மேய்ச்சல் நிலத்துக்கு அது போதும். ஆண்டுக்கு மூன்று முறை அடித்துவிட்டுப் போகலாம். பிள்ளைகள் பந்து விளையாடும் புல்லுக்கு அது சரிவராது.

அகலம்தான் இன்னும் முடிவாகவில்லை. 52, 60, 72 என்று கடைக்காரர்கள் அடுக்குகிறார்கள். ஐந்து ஏக்கருக்கு 60-க்குக் குறையாதீர்கள் என்பது எல்லோரும் ஓதும் மந்திரம்.

ஏப்ரல்

வணிக வண்டி விற்பவர்களிடம் ஒரு நல்ல வழக்கம்: கேட்டால் வண்டியை டிரெய்லரில் ஏற்றி நம் நிலத்துக்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கத் தருகிறார்கள். கடையின் தார்த்தளத்தில் ஓட்டிப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. இறக்கும் இடத்தைக் கேட்டார்கள். குளம்புக் குழிகள் அடர்ந்த மேற்கு மூலையைக் காட்டினேன்.

முதலில் வந்தது 60 அங்குல வண்டி, விறைப்பான சட்டம், இருக்கைக்கு மட்டும் சுருள்வில். தாளில் மணிக்கு பத்து மைல் ஓடும். என் மேற்கு மூலையில் ஐந்துக்கு மேல் கைப்பிடியைத் தள்ள முடியவில்லை. எஞ்சின் தாராளமாக இழுக்கிறது, ஹைட்ரோ கேட்டதைக் கொடுக்கிறது; என் இடுப்புதான் மறுக்கிறது. குழியில் முன்சக்கரம் விழும்போது கை அதிர, அதிர்ந்த கை கைப்பிடியை இழுக்க, வண்டி தானாகத் தள்ளாடுகிறது. ஸ்டியரிங்கும் வேகமும் ஒரே கைப்பிடியில் இருக்கும் வண்டியில் குலுக்கல் என்பது சொகுசுப் பிரச்சினை அன்று, ஓட்டுவதே கெட்டுவிடுகிறது. அகன்ற டெக்குக்கு இன்னொரு குறை: மேட்டின் தலையில் நடுப்பகுதி உட்கார்ந்து புல்லை மண்வரை மழித்துவிடுகிறது.

பிறகு டோரோ நிறுவனத்தின் மைரைட் அமைப்பு. இருக்கையும் கால் வைக்கும் தளமும் சேர்ந்து அதிர்வுத்தாங்கிகளின் மேல் மிதக்கின்றன. உடலுக்கு நல்ல வேறுபாடு தெரிந்தது. ஆனால் சட்டமும் டெக்கும் முன்போலவே துள்ளுகின்றன.

ஃபெர்ரிஸ் நிறுவனம் வேறு வழியில் யோசித்திருக்கிறது. கார்போல முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்குமே சுருள்வில் வைத்த அதிர்வுத்தாங்கிகள். குழியைச் சக்கரம் விழுங்கிக்கொள்கிறது, சட்டம் ஓரளவு நிதானமாகப் போகிறது. அதே மூலையில் எட்டு மைல் வேகத்தில் ஓட்ட முடிந்தது. வில் அமுங்கினால் வெட்டும் உயரம் மாறுமே என்ற சந்தேகத்தில், ஓட்டி முடித்ததும் அளவுகோலோடு குனிந்து வெட்டிய புல்லின் உயரத்தை அளந்தேன். என் கண்ணுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரிக் கணக்கில் இந்த எண்களை இட்டபோது மந்திரம் உடைந்தது. 72 அங்குலம், ஐந்து மைல்: கழிவு போக மணிக்கு 2.9 ஏக்கர். 60 அங்குலம், ஐந்து மைல்: 2.4. ஆனால் 52 அங்குலம், எட்டு மைல்: 3.4 ஏக்கர். குழி நிலத்தில் சிறிய டெக் பெரிய டெக்கை முந்துகிறது. போதாததற்கு மரங்களுக்கு இடையில் நுழைகிறது, மேட்டை மழிப்பதும் குறைவு. கோல்ஃப் மைதானம்போல் சமமான நிலம் இருப்பவர் இந்தக் கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு 72 வாங்கலாம்.

52 அங்குல ஃபெர்ரிஸ், வேன்கார்ட் எஞ்சினோடு. முடிவு செய்வதற்கு முன் கடையின் பணிமனைக்குப் போய் இந்த மாடலுக்கான பெல்ட்டும் பிளேடும் அலமாரியில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. ஏப்ரல் மாதத்தில் பழுதானால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று மெக்கானிக்கைக் கேட்டதற்கு, “ஏப்ரலில் பழுதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சிரித்தார். நேர்மையான பதில். வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் கடை என்பதும் முடிவில் பாதி.

மே

சரிவு பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜீரோ டர்னின் முன்சக்கரங்கள், கடையில் சாமான் தள்ளும் வண்டியின் சக்கரங்களைப் போல, இழுத்த பக்கம் திரும்புபவை. அவை வண்டியைத் திருப்புவதில்லை. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள் மட்டுமே. சரிவில் குறுக்காகப் போனால் மூக்கு பள்ளத்தின் பக்கம் சாயும். மேல்பக்கக் கைப்பிடியைச் சற்று இழுத்துப் பிடித்து நேராக்க வேண்டும். ஈரப் புல்லில் பின்சக்கரம் வழுக்கிவிட்டால் திருப்பமும் நிறுத்தமும் ஒரே நொடியில் போய்விடுகின்றன. கையேடுகள் பொதுவாகச் சொல்லும் எல்லை 15 பாகை. தொலைபேசியை ஒரு நீளப் பலகையின் மேல் வைத்து நிலத்தை அளந்தேன். வீட்டின் பின்புறச் சரிவு 11. குளக்கரை 20-க்கு மேல். குளக்கரைக்கு இந்த வண்டி போகாது. கரையோரம் தண்ணீருக்கு அருகே உள்ள பட்டையைக் கையால் பிடிக்கும் நூல்வெட்டியால் முடிக்கிறேன்.

பின்னால் நிற்கும் வளைவுக் கம்பி வண்டி கவிழ்ந்தால் காப்பதற்கு. கம்பி நிமிர்ந்து நிற்கும்போது இருக்கைப்பட்டை கட்டாயம். கிளைகளுக்கு அடியில் போகக் கம்பியை மடக்கினால் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டியோடு சேர்த்துக் கட்டிவைத்ததாகிவிடும். இது மாறிப்போகாமல் இருக்க நான் கம்பியை மடக்குவதே இல்லை. தாழ்ந்த கிளைகளை அறுத்துவிட்டேன்.

ஜூலை

புல் உறக்கத்தில். கற்றுக்கொண்டவை: ஜீரோ டர்ன் வாங்கியவர் ஜீரோ டர்ன் போடக் கூடாது. நின்ற இடத்தில் சுழன்றால் சக்கரம் திருகிப் புல்லை வேரோடு பெயர்க்கிறது, அடியில் செம்மண் பல்லை இளிக்கிறது. சற்றுப் பின்னால் வந்து மூன்று அசைவில் திரும்புவதே நல்லது. டெக்கின் முன்விளிம்பு பின்விளிம்பைவிடக் கால் அங்குலத்துக்குள் தாழ்ந்திருந்தால் வெட்டு சுத்தமாக விழுகிறது. ஆனால் அதைச் சரிசெய்யும் முன் நான்கு டயர்களின் காற்றையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காற்று குறைந்தால் டெக் சாய்ந்து, நிலம் முழுக்கப் படிக்கட்டு வரிசை. ஃபெஸ்க்யூவை மூன்றரை அங்குலத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. காதுக்கவசம் எப்போதும், இந்த எஞ்சின்களின் சத்தம் ஓட்டுபவர் காதில் 85 டெசிபலைத் தாண்டுகிறது.

மேற்கு மூலையில் மஞ்சள் குளவிகள் நிலத்துக்குள் கூடு வைத்திருக்கின்றன. அங்கே மட்டும் வண்டி பத்து மைல் ஓடும் என்பது உறுதியானது.

செப்டம்பர்

ஐந்து ஏக்கரும் இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. தாளில் வந்ததைவிடச் சற்றுக் கூடுதல். மரங்களும் குளவிகளும் கணக்கில் இல்லை அல்லவா. இறங்கியதும் நிமிர்ந்து நடக்கிறேன், மாத்திரை தேடுவதில்லை. மனைவியின் கேள்விக்கு அதுதான் பதில். எழுபது மணி நேரத்துக்காக வணிக வண்டி தேவைப்படவில்லை. இந்த நிலத்தில் உடல் தாங்கும் சஸ்பென்ஷனும், மாற்றத்தகுந்த ஹைட்ரோ வடிகட்டியும் எனக்குப் பார்க்கக் கிடைத்த வீட்டுத்தர வண்டிகளில் ஒன்றாக வரவில்லை, அவ்வளவுதான். நிலம் சமமாக இருந்திருந்தால் பாதி விலையில் முடித்திருப்பேன்.

ஹைட்ரோ எண்ணெயின் முதல் மாற்றம் அடுத்த வசந்தத்தில் வரும். 20டபிள்யூ-50 எண்ணெயும் இரண்டு வடிகட்டிகளும் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனால் கலக்காத பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், குளிர்காலத்தில் தொட்டியில் நிற்கப்போவது அதுதான். மேற்கு மூலைக் குழிகளில் மண் நிரப்பி அக்டோபருக்குள் விதை தூவ வேண்டும்.