பார்த்ததை மட்டும் எழுதுவது

மழலையர் வகுப்பின் குறிப்பேட்டைப் புரட்டினால் சில வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். "இன்று ஒரே பிடிவாதம்." "நன்றாக விளையாடினாள்." "கவனம் போதாது." இவற்றைப் படித்துவிட்டு மறுநாள் வரும் ஆசிரியை என்ன செய்ய முடியும்? எழுதியவரின் அலுப்போ திருப்தியோ தெரிகிறது, குழந்தை தெரியவில்லை.

அந்தப் 'பிடிவாத'த்தையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: "காலை 10.20, கட்டைகள் உள்ள மூலை. நான்கு கட்டைகளை அடுக்கினான். ஐந்தாவதை வைத்ததும் சரிந்தது. மறுபடி அடுக்கும்போது அகலமான கட்டையை அடியில் வைத்தான். எடுத்து வைக்கச் சொன்னதும் இரு கைகளாலும் கோபுரத்தை அணைத்துக்கொண்டு 'இன்னும் முடியல' என்றான்." சரிந்ததற்குக் காரணம் கண்டு தானே திருத்திக்கொண்டது இதில் தெரிகிறது. தன் வேலையை அடித்துக் காக்காமல் சொல்லால் காத்ததும் தெரிகிறது. கூடவே நம் தவறும் அகப்படுகிறது: முன்கூட்டிச் சொல்லாமல் ஆட்டத்தைக் கலைத்திருக்கிறோம். மூன்று வயதுக்கு 'இன்னும் ஐந்து நிமிஷம்' என்றால் என்னவென்று புரியாது. 'இன்னும் இரண்டு கட்டை வைத்துவிட்டு வா' என்றால் புரியும்.

அமெரிக்காவில் இளங்குழந்தைக் கல்விக்கான தேசியச் சங்கம் 2019இல் வகுத்த ஆறு தொழில்தரங்களில், குழந்தையைக் கவனிப்பதும் பதிவதும் மதிப்பிடுவதும் சேர்ந்து தனியொரு தரம். பயிற்சி வகுப்புகளிலோ பாட்டும் கைவினையும் முந்திக்கொள்கின்றன. கண்காட்சிக்கு வைக்க அவைதானே வசதி!

எழுத நேரமில்லை என்பது நியாயமான புகார்தான். குழந்தைகள் நடுவே உட்கார்ந்து பத்தி பத்தியாக எழுத முடியாது, எழுதவும் கூடாது. தலை குனிந்தால் கண்காணிப்பு போயிற்று. சட்டைப் பையில் துண்டுச்சீட்டு இருக்கட்டும். நேரம், இடம், குழந்தை சொன்ன வார்த்தை, இவ்வளவு போதும். வீட்டுக்குக் கிளம்புமுன் அதை விரித்து எழுத வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் நடந்தது மங்கி, அதைப் பற்றி நாம் நினைத்ததுதான் தாளில் இறங்கும். 20 பேர் வகுப்பில் நாளுக்கு இருவர் என்று வைத்தால் பத்து வேலை நாட்களில் எல்லோருக்கும் ஒரு குறிப்பு சேர்ந்துவிடும். பெயர்ப் பட்டியலில் தேதியைக் குறித்துக்கொண்டே வருவது நல்லது. இல்லையென்றால் சத்தம் போடும் நான்கு பேரின் ஏடு தடிக்கும், ஓரமாக உட்கார்ந்து ஒரே புதிரை நாள்தோறும் அடுக்கும் குழந்தையின் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். அந்த வெறும் பக்கமே ஓர் எச்சரிக்கை.

குறிப்பின் பயன் பளிச்சென்று தெரியும் இடம், கடிக்கும் குழந்தை. பேச்சு முழுதாக வராத ஒன்றரை, இரண்டு வயதில் இது சகஜம். ஆனாலும் வகுப்பே கலங்கிவிடும், 'கடிக்கிற பிள்ளை' என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விக்கு விடை எழுதினால் போதும்: சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தது, உடனே அதற்கு என்ன கிடைத்தது. ஒரு வாரக் குறிப்புகளை அருகருகே வைத்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தென்படும்: எல்லாம் சாப்பாட்டுக்குச் சற்று முன், அல்லது எல்லாம் அந்த ஒரே வண்டிக்காக. முதலாவதென்றால் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் முன்னே இழுக்கலாம். இரண்டாவதென்றால் அதே மாதிரி இன்னொரு வண்டி வாங்குவதுதான் மருந்து. அந்த வயதில் 'பகிர்ந்துகொள்' என்ற உபதேசம் எடுபடாது.

சண்டைகள் கூடும் இன்னோர் இடம் கை கழுவும் வரிசை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்க 20 விநாடி. கையை நனைத்து, அலசி, துடைத்து நகர இன்னொரு 20. இரண்டு குழாய், 20 குழந்தைகள் என்றால் கடைசிக் குழந்தை ஆறு நிமிடம் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அது நிற்குமா? முன்னால் இருப்பவரைத் தள்ளும். நாம் அதை ஒழுங்கீனம் என்போம். நான்கு நான்கு பேராக அனுப்பி, மற்றவர்களை இன்னொருவர் பாட்டில் வைத்திருந்தால் தீர்ந்தது. இடம் மாறும்போதெல்லாம் தலையை எண்ணினால் மட்டும் போதாது, பெயரைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். நம் பிள்ளை ஒன்று விடுபட்டு, பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று நடுவே புகுந்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் வரும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒரு திறன். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்பறைகளில் பதிவு செய்து காட்டினார். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் பொறுக்கலாம். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். முதல் சில நாட்கள் அந்த மௌனம் நம்மைத்தான் சங்கடப்படுத்தும்.

பெற்றோரிடம் பேசும்போதும் கைகொடுப்பது அதே தேதியிட்ட குறிப்புதான். வாசலில், மற்றவர்கள் காதில் விழ, குழந்தையின் தலைக்கு மேலே குறை சொல்லக் கூடாது. கடிபட்ட குழந்தையின் வீட்டுக்குத் தழும்பு எங்கே, என்ன முதலுதவி செய்தோம் என்று சொல்ல வேண்டும். கடித்தது யார் என்று சொல்லக் கூடாது. வளர்ச்சியில் ஐயம் வந்தால் நோயின் பெயரை உச்சரிப்பது நம் வேலையில்லை. "கடந்த மூன்று வாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆறு தடவையில் ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் எப்படி?" என்று கேட்டு, முதலில் காதுப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமான குறிப்பு ஒன்று உண்டு: குழந்தையை யாரோ அடித்திருக்கலாம் என்று ஐயம் வரும்போது எழுதுவது. ஓடியாடும் குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் படுவது இயல்பு. காதிலோ கன்னத்திலோ வயிற்றிலோ கன்றிப்போயிருந்தால் நின்று கவனிக்க வேண்டும். இன்னும் நகரத் தொடங்காத கைக்குழந்தையென்றால் உடலில் எங்கே கன்றியிருந்தாலும் கவனிக்க வேண்டும். குழந்தை ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். 'அப்பாவா அடித்தார்?' என்று நாமாக வார்த்தையை எடுத்துக் கொடுத்தால், பின்னால் விசாரிப்பவர்களுக்கு அந்தப் பதில் பயன்படாமல் போகும். குழந்தை 'டொம்முனு பண்ணாங்க' என்றால் தாளிலும் 'டொம்முனு பண்ணாங்க' என்றே இருக்க வேண்டும், கேட்ட நேரத்தோடும் நம் கையெழுத்தோடும். அன்றைக்கே, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் கைக்கு அது போய்ச் சேர வேண்டும்.