லாவோஸ் குறிப்புகள்: இன்னும் வெடிக்காத குண்டுகள்

ஜனவரி 8, 2024, வியந்தியான்

குண்டில் கை கால் இழந்தவர்களுக்கு உதவும் கோப் மையத்தின் காட்சிக்கூடத்துக்குப் போனேன். வியட்நாம் போர்க் காலத்தில், 1964 முதல் 1973 வரை, அமெரிக்கா இந்தச் சின்ன நாட்டின் மேல் போட்ட குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கும் அதிகம். ஒன்பது வருஷம், ராப்பகலாக, சராசரியாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம். போர் என்று அறிவிக்கவே இல்லை. 1962 ஜெனீவா உடன்படிக்கையில் லாவோஸின் நடுநிலைமையை ஏற்றுக் கையெழுத்துப் போட்ட நாடுகளில் அமெரிக்காவும் உண்டு, வட வியட்நாமும் உண்டு. இரண்டுமே மீறின. அதற்கு விலை கொடுத்தது லாவோஸ் விவசாயி.

ஜனவரி 11, போன்சவான்

நல்ல குளிர். 1968 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தினாரே, அங்கே வேலையில்லாமல் போன விமானங்கள் லாவோஸ் பக்கம் திரும்பின. ஓரிடத்தில் அமைதி என்று உலகம் கைதட்டிய அதே மாதங்களில் இந்த சியெங் குவாங் மாகாண மக்கள் குகைகளில் பதுங்கிக் கிடந்தார்கள் என்பதை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஜனவரி 12

ஜாடிச் சமவெளி, பழங்காலக் கல் ஜாடிகள் சிதறிக் கிடக்கும் இடம். தரையில் பதித்த கற்களில் ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் குண்டு அகற்றியாயிற்று, அந்தப் பக்கமே நடக்க வேண்டும். கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறியவை சுமார் 27 கோடி சிறு குண்டுகள், வெடிக்காமல் தங்கியவை 8 கோடி வரை. டென்னிஸ் பந்து அளவுதான், குழந்தைகள் எடுத்து விளையாடிவிடுகிறார்கள். மண்வெட்டி பட்டாலும் வெடிக்கும், தரையில் அடுப்பு மூட்டினால் அடியில் புதைந்திருப்பது சூடேறியும் வெடிக்கும். போர் முடிந்த பிறகு மட்டும் 20,000 பேருக்கு மேல் இறந்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள். ஆபத்து தெரியாமலா உழுகிறார்கள்? உழாவிட்டால் சோறு ஏது.

ஜனவரி 14

கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக சி.ஐ.ஏ. ஆயுதம் கொடுத்துச் சண்டைக்கு இறக்கிய மோங் என்ற மலைவாழ் மக்களைப் பற்றிப் படித்தேன். 1975இல் கம்யூனிஸ்டுகள் கை ஓங்கியபோது, லாங் டியெங் என்ற அவர்களது தளத்திலிருந்து தளபதி வாங் பாவையும் ஒரு பகுதியினரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் மேகாங் ஆற்றைத் தாண்டி தாய்லாந்துக்குத் தப்ப வேண்டியிருந்தது, பலர் கரை சேரவில்லை.

ஜனவரி 16

2016இல் ஒபாமா வந்து குண்டு அகற்றும் வேலைக்கு மூன்று வருஷத்துக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். பதவியில் இருக்கும்போது லாவோஸுக்கு வந்த முதல் அமெரிக்க அதிபர் அவர். நல்லதுதான், ஆனால் நாற்பது வருஷம் தாமதம். கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்தில் அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை, 2023 ஜூலையில் உக்ரைனுக்கு அவற்றையே அனுப்ப முடிவெடுத்தது. ரஷ்யாவும் சேரவில்லை, அந்தப் போரில் அதுவும் இதே குண்டுகளைப் போடுகிறது. அப்புறம், நம் இந்தியாவும் அதில் சேரவில்லை. சேர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டாமா?