படைக்குப் பிந்தத் தெரியாதவன்

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று சொன்னவர் போக்கர் ஆடியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் லாஸ் வேகஸில் 1 டாலர், 2 டாலர் கட்டாயப் பந்தய மேசையில் நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால், தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார்.

எனக்கு வாய்த்தது ஸ்மால் பிளைண்ட் இடம். சீட்டைப் பார்க்கும் முன்பே 1 டாலர் கட்டித் தொலைக்க வேண்டும். போதாததற்கு, நடுவில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள் விழுந்த பிறகு, பணம் வைப்பதா இல்லையா என்று ஒவ்வொரு சுற்றிலும் நான்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். வலப்பக்க நாற்காலியில் கௌபாய் தொப்பி அணிந்த பெரியவர். டீலர் வில்லை, அதாவது கடைசியாகப் பேசும் இடத்தின் அடையாளம், அவர் முன்னால் இருந்தது. தோள் இடிக்கும் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் மேசையை முழுதாகச் சுற்றிவந்த பிறகு, கடைசியாகத்தான் பேசுவார்.

என் கையில் இரண்டு ஏழு. பெரியவர் 8 டாலர் என்றார். நானும் இடப்பக்கத்துக்காரரும் ஒப்புக்கொண்டோம். நடுவில் மூன்று சீட்டுகள் விழுந்தன: ஸ்பேட் ராஜா, டைமண்ட் ஏழு, கிளாவர் இரண்டு.

மூன்று ஏழு! கையில் ஜோடி இருந்தாலும் ஏறத்தாழ எட்டரைத் தடவைக்கு ஒருமுறைதான் இப்படி அமையும். ரம்மியாக இருந்தால் சீட்டை விசிறிபோல் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்ளலாம். இங்கே சீட்டு கவிழ்ந்து கிடக்கிறது, முகம்தான் திறந்து கிடக்கிறது.

மேசையைத் தட்டினேன், பணம் போடவில்லை என்று அர்த்தம். பெரியவர் 15 டாலர் வைத்தார். மின்கட்டண ரசீதைப் பார்ப்பவன்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு நானும் 15 வைத்தேன். இடப்பக்கத்துக்காரர் சீட்டை வீசிவிட்டார். நடுவில் இப்போது 54 டாலர்.

நான்காவது சீட்டு, கிளாவர் ஒன்பது. மறுபடியும் தட்டினேன். அவர் பணம் வைப்பார், நான் அதை உயர்த்திப் பாய்ந்துவிடலாம் என்பது திட்டம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரும் தட்டினார்! ஒரு சுற்று ஓசியில் போயிற்று. முதலில் பேசுகிறவன் பொறி வைக்கலாம். எலியைப் பிடித்து உள்ளே தள்ள முடியாது. அப்போதே நானாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசிச் சீட்டு, டைமண்ட் மூன்று. எட்டு சிவப்புச் சிப்புகளை அடுக்கி, 40 டாலராக முன்னே நகர்த்தினேன். பாதி வழியில் அடுக்கு சரிந்தது. ஒரு சிப்பு உருண்டு போய்ப் பெரியவரின் காபிக் கோப்பையில் முட்டி நின்றது. அவர் அதை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டிவிட்டு, பணம் போடாமல் விலகிக்கொண்டார். ராஜாவும் ராணியும்.

"தம்பி, பொய் சொல்கிறவனுக்குக் கை இப்படி நடுங்காது" என்றார்.

நான் போட்ட 23 டாலரும், விடுதியின் பங்கும், சீட்டு போட்ட டீலருக்கு டிப்ஸும் போக எனக்கு மிஞ்சியது 25 டாலர்.

அடுத்த ஆட்டத்தில் டீலர் வில்லை என் முன்னால் வந்தது. கடைசியாகப் பேசும் ராஜயோகம்! சீட்டின் முனையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஏழு, ஒரு இரண்டு, போக்கரிலேயே மட்டமான சீட்டு. கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.