புதுமாத்தளனில் பிறந்த மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்த அனுபவம்

என் இளைய மகள் இறுதிப் போர் நடந்துகொண்டிருந்த 2009 மார்ச் 18 ஆம் திகதி, முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள புதுமாத்தளனில், பாடசாலைக் கட்டடமொன்றில் தற்காலிகமாக இயங்கிய வைத்தியசாலையில் பிறந்தாள். ஏப்ரல் 20 ஆம் திகதி நீரேரியைக் கடந்து இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்த பெருந்தொகையான மக்களோடு நாங்களும் வந்தபோது அவளுக்கு ஒரு மாதமும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. எங்கள் இருவரின் அடையாள அட்டைகளும், மனைவி சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த கிளினிக் அட்டையும் மட்டுமே எங்களிடம் மிஞ்சின. மூத்தவனின் பிறப்புச் சான்றிதழ் எந்தப் பதுங்குகுழியில் விடுபட்டதென்று தெரியவில்லை. அவனுடைய பதிவு முன்பே இருந்தபடியால் பிரதி எடுக்கலாம் என்று அப்போது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. இளையவளுக்கோ பதிவே இல்லை.

ஓமந்தையில் இராணுவச் சோதனை முடிந்து, செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோருக்காக அமைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாமில் ஒரு கூடாரம் கிடைத்தது. நிவாரண அட்டை எழுதியவர், நாங்கள் முகாமுக்கு வந்த நாளையே குழந்தையின் பிறந்த நாளாகப் போட்டுவிட்டார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் நின்றிருந்தார்கள்; அவரைக் குறை சொல்ல முடியாது. அரிசி, மா, பருப்பு எல்லாம் அட்டையில் உள்ள தலைக்கணக்குப்படியே கிடைத்தமையால், பெயர் ஏறியதே போதும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இந்தக் காரியம் முழுவதிலும் நான் விட்ட பெரிய பிழை அதுதான், ஏனென்றால் அதன் பின்னர் தடுப்பூசிக்குப் போனாலும், திரிபோஷ சத்துமா வாங்கப் போனாலும், புதிதாக ஒரு படிவம் நிரப்பினாலும், எல்லோரும் அந்த அட்டையைப் பார்த்தே திகதியை எழுதினார்கள்.

இலங்கைச் சட்டப்படி ஒரு பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் காலங்கடந்த பதிவாக, பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளருக்கு விண்ணப்பித்துச் சான்றுகளைக் காட்ட வேண்டும். முகாமில் இதை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரிய வந்தபோதே நான்காவது மாதம் ஆகிவிட்டது. முதலில் போன இடத்தில், பிறந்த இடம் செட்டிகுளம் என்று எழுதிவிட்டால் அலைச்சல் குறையும் என்று ஓர் அலுவலர் சொன்னார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். அன்றிரவு கூடாரத்துக்குள் அதைப் பற்றிப் பேசியபோது, மனைவி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். அவள் பிள்ளை பெற்ற இடத்தை வேறொருவர் தீர்மானிப்பதில் அவளுக்கு உடன்பாடில்லை. எனக்கிருந்த பயம் வேறு: ஒருநாள் யாராவது எங்களுடைய இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்தால், பொய் சொன்னவர்களாக நாங்கள்தான் நிற்போம்.

ஆகவே பிறப்பை நிரூபிக்க ஆள் தேட வேண்டியதாயிற்று. கிளினிக் அட்டையில் கர்ப்பகாலப் பதிவுகளும், பிரசவம் எதிர்பார்க்கப்பட்ட திகதியும் இருந்தன. பிரசவம் நடந்ததற்கான குறிப்பு இல்லை. பிரசவத்தின்போது கூட இருந்த குடும்பநல மாது முகாமின் வேறொரு வலயத்தில் இருப்பதாகத் தண்ணீர்த் தாங்கியடியில் ஒருவர் சொன்னார். வலயம் விட்டு வலயம் போவதற்கு அனுமதி வேண்டியிருந்த காலம் அது. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பிறகுதான் அவரை நேரில் காண முடிந்தது. என்னை அவருக்கு நினைவில்லை. மனைவியைக் கண்டதும், "அந்த ஷெல்லடி நேரம் பிறந்த பிள்ளையல்லோ" என்று கேட்டுவிட்டு, அப்போதே ஒரு கொப்பித் தாளில் திகதியும் இடமும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.

2010 இல் ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள எங்கள் காணிக்கு மீள்குடியேற அனுமதி கிடைத்தது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையத்தின் 25,000 ரூபாவும், கூரைத் தகரங்களும், உலக உணவுத் திட்டத்தின் ஆறு மாத உலர் உணவும் அந்த முதல் நாட்களைத் தாங்கின. அவற்றுக்கும் புதிய குடும்ப விபரப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இம்முறை எழுதுபவரின் பேனையைப் பிடிக்காத குறையாக நின்று, மகளின் பிறந்த திகதியைச் சரியாக எழுதுவித்தேன். பழைய அட்டையோடு முரண்படுகிறதே என்று அவர் கேட்டபோது, குடும்பநல மாதுவின் கடிதத்தைக் காட்டினேன்.

பிறகு பதிவு வேலைகளை ஊருக்கே வந்து செய்துகொடுக்கும் நடமாடும் சேவை ஒன்று வந்தது. சமாதான நீதவான் முன் நான் கொடுத்த சத்தியக்கடதாசி, பக்கத்துக் கூடாரத்தில் இருந்த இருவரின் சத்தியக்கடதாசிகள், கிளினிக் அட்டை, அந்தக் கொப்பித் தாள், கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு சத்தியக்கடதாசியில் என் தகப்பனாரின் பெயர் ஓரெழுத்து மாறியிருந்ததால் அது திரும்பி வந்தது. இன்னொரு மாதம் போன பிறகே பதிவு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்தது.

2015 ஜனவரியில் அவளை முதலாம் தரத்தில் சேர்க்கப் போனோம். சான்றிதழை வாங்கிய அதிபர், பிறந்த திகதிக்கும் பதிவுத் திகதிக்கும் இடையே இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிறந்த இடத்தை வாசித்தார். கேள்வி ஒன்றும் கேட்காமல், மகளின் பெயரை இடாப்பில் எழுதினார்.