யாங்கீஸ் நாட்குறிப்பு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 2024

அக்டோபர் 25, வெள்ளி, நள்ளிரவு

ஆட்டம் முடிந்து வெகுநேரம் ஆகியும் தூக்கம் வரவில்லை. 2009க்குப் பிறகு முதல் முறையாக, என் அணியான நியூயார்க் யாங்கீஸ், நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்குக் கோப்பை தரும் பேஸ்பால் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கு வந்திருக்கிறது; லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ் சமநிலையில் முடிந்ததால் ஆடப்பட்ட பத்தாவது இன்னிங்ஸில் 3-2 என்று முன்னிலை பெற்றுவிட்டு, அந்நகர அணியான டாட்ஜர்ஸிடம் 6-3 என்று தோற்றிருக்கிறது. டாட்ஜர்ஸின் இரண்டு பேர் பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில்) நிற்க, அவர்களின் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி மட்டை பிடிக்க வந்த நேரத்தில், நம் மேலாளர் ஆரோன் பூன் பந்து வீச நெஸ்டர் கோர்ட்டெஸை அழைத்தார். முழங்கைக் காயத்தால் செப்டம்பர் 18க்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் பந்து வீசாதவர் கோர்ட்டெஸ். இந்த அக்டோபர் முழுவதும் நன்றாக வீசிவந்த இன்னொரு இடக்கை பிட்சரான (பந்துவீச்சாளரான) டிம் ஹில் காத்திருந்தார்.

கோர்ட்டெஸின் முதல் பந்தில் ஓட்டானி எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்து ஃபவுல் கேட்ச் ஆனார். அதைப் பிடித்த அலெக்ஸ் வெர்டூகோ நிலைதடுமாறிப் பார்வையாளர் பக்கம் விழுந்ததால், விதிப்படி ஓட்டக்காரர்கள் இருவரும் ஒரு பேஸ் முன்னேறினார்கள். முதல் பேஸ் காலியானதும் மூக்கி பெட்ஸை அடிக்கவிடாமல், வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள்; மூன்று பேஸ்களும் நிரம்பின. அடுத்து வந்த ஃப்ரெடி ஃப்ரீமன், சுளுக்கிய வலது கணுக்காலோடு ஆடிக்கொண்டிருப்பவர், தனக்கு வீசப்பட்ட முதல் பந்தையே வலப்புறக் கூட்டத்துக்குள் அனுப்பினார். உலகத் தொடர் வரலாற்றில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க, பந்தைக் களத்துக்கு வெளியே அடித்து நான்கு ரன் எடுக்கும் ஹோம் ரன்) ஒன்றால் ஓர் ஆட்டம் அந்த நொடியிலேயே முடிவது இதுவே முதல் முறை.

ஹில் தரையோடு உருளும் பந்துகளை வரவழைப்பவர் என்றாலும், ஓட்டானியின் வேகத்துக்கு ஒரே பந்தில் இருவரை வெளியேற்றும் இரட்டை அவுட் எடுப்பது கடினம் என்று கணக்கிட்டதாகப் பூன் விளக்கியிருக்கிறார். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஐந்து வாரங்களாக ஆட்டத்தின் சூட்டை உணராத ஒரு கையை உலகத் தொடரின் பத்தாவது இன்னிங்ஸில் நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று இரவு என் கோபம் முழுவதும் பூன் மீதுதான்.

அக்டோபர் 26, சனி

4-2 தோல்வி. டாட்ஜர்ஸ் பிட்சர் யோஷினோபு யமமோட்டோ ஆறு இன்னிங்ஸுக்கு மேல் வீசி, அடித்தவர் பேஸை எட்டும்படியான ஒரே ஓர் அடியை மட்டும் விட்டுக்கொடுத்தார். அது நம் ஹுவான் சோட்டோவின் ஹோம் ரன். இப்படி வீசும் ஒருவரிடம் தோற்பதில் அவமானம் ஏதுமில்லை.

நேற்றைய ஆட்டத்தை இன்று காலை மறுபடி பார்த்தேன். எட்டாவது இன்னிங்ஸில் ஓட்டானியின் அடி சுவரில் பட்டுத் திரும்பியது. சோட்டோ எறிந்த பந்தை இரண்டாம் பேஸில் நம் க்ளேபர் டோரஸ் தவறவிட்டதால் ஓட்டானி மூன்றாம் பேஸுக்குப் போய்விட்டார். அங்கிருந்து பெட்ஸ் உயரே அடித்த ஒரு சாதாரணப் பந்தில் அவர் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அந்த எறிதல் ஒழுங்காகப் பிடிக்கப்பட்டிருந்தால் பத்தாவது இன்னிங்ஸே வந்திருக்காது என்று தோன்றுகிறது. நேற்று இரவு இதை நான் எழுதவே இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

சொந்த மைதானத்திலும் 4-2 தோல்வி. முதல் இன்னிங்ஸிலேயே ஃப்ரீமனின் ஹோம் ரன், பிறகு அவர்களின் பிட்சர் வாக்கர் பியூலரின் ஐந்து அமைதியான இன்னிங்ஸ். நான்காவது இன்னிங்ஸில் நம் ஜியான்கார்லோ ஸ்டான்டனை, தொட்டால் ரன் சேரும் ஹோம் நோக்கி ஓட அனுப்பியதற்காகப் பயிற்சியாளரைப் பலரும் திட்டுகிறார்கள். ரன்னே கிடைக்காமல் திணறும் அணி ஒன்று துணிந்துதான் ஆக வேண்டும். டாட்ஜர்ஸின் டியோஸ்கார் ஹெர்னாண்டஸ் அற்புதமாக எறிந்து அவரை அவுட்டாக்கினார், அவ்வளவே.

அக்டோபர் 29, செவ்வாய்

11-4 வெற்றி. யாங்கீஸ் ரசிகராகவே வளர்ந்த ஆன்டனி வோல்பி, மூன்றாவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். அரங்கம் அதிர்ந்ததைத் தொலைக்காட்சியிலேயே உணர முடிந்தது. நாளை நம் முதன்மைப் பிட்சர் ஜெரிட் கோல் வீசுகிறார்; அதனால் நம்பிக்கை இருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன், அதிகாலை

தொடர் முடிந்துவிட்டது. 5-0 என்று முன்னிலையில் இருந்து 7-6 என்று தோற்றோம். கோப்பையைத் தீர்மானித்த உலகத் தொடர் ஆட்டம் ஒன்றில் ஐந்து ரன் பின்தங்கிய அணி வென்றது இதற்கு முன் நடந்ததில்லை.

முதல் நான்கு இன்னிங்ஸில் கோல் ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை. நம் ஆரோன் ஜட்ஜ், ஜாஸ் சிசம், ஸ்டான்டன் மூவரும் ஹோம் ரன் அடித்திருந்தார்கள். நான்காவது இன்னிங்ஸில் ஃப்ரீமன் அடித்த பந்தைச் சுவரில் மோதிக்கொண்டே ஜட்ஜ் பிடித்தபோது, தொடர் திரும்பி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகும் என்று உறுதியாக நம்பினேன்.

ஐந்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் கீக்கே ஹெர்னாண்டஸ் ஓர் அடி அடித்தார். டாமி எட்மன் அடித்து நேராக வந்த எளிய பந்தை ஜட்ஜ் கைநழுவ விட்டார். அடுத்து வில் ஸ்மித் தரையில் அடித்த பந்தை எடுத்த வோல்பி, மூன்றாம் பேஸை நோக்கித் தாழ எறிந்தார். சிசமால் பிடிக்க முடியவில்லை. ஒருவரும் அவுட்டாகாமல் பேஸ்கள் நிரம்பின. அந்த நிலையிலும் கோல் கேவின் லக்ஸையும் ஓட்டானியையும் பந்தை அடிக்கவிடாமலே அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இந்த ஆண்டு நான் பார்த்தவற்றிலேயே மிக வீரமான பந்துவீச்சு அது. இன்னும் ஒரே ஓர் அவுட் போதும்.

பெட்ஸ் அடித்தது வலுவில்லாத, சுழன்று உருண்ட பந்து. சுழற்சியால் அது எங்கே திரும்புமோ என்று முதல் பேஸ் ஆட்டக்காரர் ஆன்டனி ரிஸோ பின்னாலேயே நின்று பிடித்தார். இத்தகைய பந்தில் முதல் பேஸுக்கு ஓடி நிற்க வேண்டியவர் பிட்சர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: ரன் அவுட் வாய்ப்பு வரும்போது பந்துவீச்சாளர் ஓடிவந்து தன் பக்க ஸ்டம்பருகே நிற்பதைப் போன்ற அடிப்படைக் கடமை இது, பள்ளிச் சிறுவர்களுக்கும் சொல்லித்தருவது. கோல் சில அடிகள் எடுத்துவைத்துவிட்டு நின்றார், ரிஸோவை நோக்கிக் கைகாட்டினார். பேஸில் யாருமில்லை. பெட்ஸ் ஓடித் தொட்டுவிட்டார், முதல் ரன் வந்தது. ஃப்ரீமனின் அடியில் இரண்டு, டியோஸ்கார் ஹெர்னாண்டஸின் அடியில் இரண்டு, ஆட்டம் 5-5. ஐந்து ரன்களில் ஒன்றுகூடக் கோலின் கணக்கில் சேராது. எல்லாமே தடுப்பாட்டப் பிழைகளால் வந்தவை என்று புள்ளிவிவரம் சொல்லும். தன் முதல் பேஸ் பிழையைப் பிழையென்று அந்தப் புள்ளிவிவரம் எண்ணாது என்பது கோலுக்கு ஆறுதலாக இருக்காது. பந்து எவ்வளவு வலுவாக அடிக்கப்பட்டது என்று சரியாகக் கணிக்காமல் தவறான கோணத்தில் ஓடிவிட்டதாக ஆட்டத்துக்குப் பிறகு அவர் மறைக்காமல் சொன்னார். அதன் பிறகும் ஏழாவது இன்னிங்ஸ் வரை நின்று வீசினார் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

எட்டாவது இன்னிங்ஸில் நாம் 6-5 என்று முன்னிலையில் இருந்தபோது, பூன் பந்து வீச டாமி கேன்லியை அனுப்பினார். பேஸ்கள் நிரம்பிய பிறகே இன்னொரு பிட்சரான லூக் வீவர் வந்தார்; அந்த இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் இரண்டு ரன் எடுத்து 7-6 என்று முந்தியது. கடைசி ஆறு அவுட்களையும் வீவரிடமே ஒப்படைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதிர்ப்பக்கத்தில் டாட்ஜர்ஸ் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் செய்ததைப் பாருங்கள். எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் பேஸில் நிற்க, களைத்துப்போயிருந்த தன் பிட்சர் பிளேக் ட்ரைனனிடம் சென்று, மார்பில் கைவைத்து, கண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு, அவரையே தொடரச் சொன்னார். ஸ்டான்டனும் ரிஸோவும் அவுட் ஆனார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸை, இரண்டு நாட்களுக்கு முன் ஐந்து இன்னிங்ஸ் வீசிய பியூலர் முடித்து வைத்தார். தன் ஆட்களை ஒரு மேலாளர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது அங்கே தெரிந்தது.

ஜட்ஜை இழித்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பருவத்தில் 58 ஹோம் ரன்களும் .322 மட்டைச் சராசரியும் (ஆயிரம் முயற்சிக்கு 322 அடிகள்) தந்து இந்த அணியை இங்கே கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர். அக்டோபரில் .184 மட்டுமே அடித்தார் என்பது வலிக்கிறது. ஆனாலும் அவர் என் அணித்தலைவர்.

நவம்பர் 10, ஞாயிறு

பூன் 2025லும் தொடர்கிறார். யாங்கீஸிடம் திறமை மிகுதி, அடிப்படை குறைவு என்று டாட்ஜர்ஸ் தன் ஆட்டக்காரர்களுக்கு முன்பே சொல்லியிருந்ததாகவும் செய்தி வந்தது. கோர்ட்டெஸை அழைத்ததற்காக முதல் நாள் பூன் மீது எனக்கிருந்த கோபம் இப்போது வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. அது ஒரு நொடியின் கணிப்பு. எந்த மேலாளருக்கும் அத்தகைய கணிப்பு பொய்க்கலாம். எறிதலைப் பிடிப்பது, முதல் பேஸுக்கு ஓடுவது போன்றவை பருவத்தின் 162 ஆட்டங்களிலும் வற்புறுத்தப்பட வேண்டியவை. 2018 முதல் பூனும் 1998 முதல் பொது மேலாளர் பிரையன் கேஷ்மனும் பொறுப்பில் இருக்கிறார்கள். இந்தக் குறையை அவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 9, திங்கள்

சோட்டோ 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டாலருக்கு, நியூயார்க்கின் மற்றோர் அணியான மெட்ஸுக்குப் போகிறார். நம் கழகம் 16 ஆண்டுகளுக்கு 760 மில்லியன் வரை வந்ததாகச் சொல்கிறார்கள். ஜட்ஜுக்கு முன்னால் அவர் நின்று ஆடிய ஒவ்வொரு மாலையும் மகிழ்ச்சி தந்தது. அவர் இல்லாத வரிசையை நினைக்கவே மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அந்தப் பணத்தைத் தடுப்பாட்டத்துக்கும் பந்துவீச்சுக்கும் பிரித்துச் செலவிட இப்போது வழி பிறந்திருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

நம் அணிக்குப் புதிதாக வருபவர்கள்: மேக்ஸ் ஃப்ரீட், கோடி பெல்லிஞ்சர், இப்போது பால் கோல்ட்ஷ்மிட். ரிஸோவைத் தொடரவிடாத கழகம், முதல் பேஸில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருதை நான்கு முறை பெற்ற ஒருவரை ஓராண்டுக்கு எடுத்திருக்கிறது. வயது 37 ஆனாலும் இந்த முடிவை முழுமனதோடு வரவேற்கிறேன். ஃப்ரீட் தன் கடமையறிந்து களத்தடுப்பு செய்யும் பிட்சர். கோல்ட் க்ளவ் பெற்றவர்.

பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் பயிற்சி முகாம் தொடங்கும்போது, பந்து உருண்டதும் பிட்சர்கள் ஒவ்வொருவராக முதல் பேஸை நோக்கி ஓடும் அந்தச் சலிப்பான பயிற்சியை இந்த முறை நான் தவறாமல் பார்க்கப் போகிறேன். வரிசையில் முதல் ஆளாகக் கோல் நிற்க வேண்டும்.