பழைய மடிக்கணினிக்குப் புதிய செயலி (பிராசஸர்)

தம்பியின் 2012-ஆம் ஆண்டு மடிக்கணினியைத் "தூக்கிப் போடுங்கள் சார்" என்றார் திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்காரர். விற்பவர் வேறென்ன சொல்வார்?

அதன் மூளையான இன்டெல் ஐ3-3110எம் செயலியைக் கழற்றிவிட்டு, யாரோ பயன்படுத்திய ஐ7-3632கியூஎம் ஒன்றை மலிவாக வாங்கி மாட்டினோம். இரண்டின் வெப்ப அளவும் 35 வாட்தான் என்பதால் மின்விசிறி திணறவில்லை. கோர்கள் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மட்டும் இரண்டிலிருந்து நான்காகிவிட்டன. செயலி உட்காரும் சாக்கெட்டின் திருகைத் திருப்பினால் சில்லு கையோடு வந்துவிடுகிறது. சில்லின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால், அதைத் துடைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. (உள்ளே இருந்த தூசியில் கத்தரிச் செடியே வைக்கலாம்.)

கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் புதிய செயலியை ஏற்குமா என்று பார்த்த பிறகே காசை எடுங்கள். 2015-க்குப் பிந்தைய இன்டெல் மடிக்கணினிகளில் பெரும்பாலும் செயலியைப் பலகையோடு பற்றவைத்தே அனுப்புகிறார்கள். அவற்றில் இது நடக்காது. வேகம் வேண்டுமென்றால், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள்.