தம்பியைக் கீழே கூட்டி வந்த மாதங்கள்

2024 ஜூலையில் ஒரு ராத்திரி வேலை முடிந்து வந்தபோதுதான் தம்பியின் செருப்பைக் கவனித்தேன். வாசல் ஓரம், ஜோடியாக, மேலே தூசி படிந்து கிடந்தது. கடைசியாக எப்போது அதைக் காலில் போட்டான் என்று யோசித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏழாவது மாடியில் ஒரே அறை, அதில் ஒரு மூலை, அவ்வளவுதான் அவன் உலகம். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க போன். சாப்பாட்டுத் தட்டு பாதியோடு திரும்பும். அதுவரை நானும் "சோம்பேறி" என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

நாங்கள் சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கூவம் கரையில் இருந்தவர்கள். 2019 கடைசியில், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே, எங்கள் வீடுகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுக்கு அனுப்பினார்கள். இடையில் 20 கிலோமீட்டருக்கு மேல். தம்பி அப்போது ஏழாவது. பழைய பள்ளிக்கே பஸ் மாறி மாறிப் போய் வந்தான், அப்புறம் கொரோனா வந்தது. பத்தாவதில் கணக்கு போய்விட்டது. வேலை தேடினான். இரண்டு இடத்தில் "எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். பெரும்பாக்கம் என்றதும் "சொல்லி அனுப்புறோம்". மூன்றாவதாக ஒரு கடையில் சேர்ந்தான். அங்கே ஒரு நாள் ஏதோ பொருள் காணவில்லை என்று எல்லார் முன்னாலும் இவன் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். பொருள் சாயங்காலமே வேறு இடத்தில் கிடைத்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து இவன் போகவில்லை.

செருப்பைப் பார்த்த அன்று பதினொரு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 2022-லிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. வேலை செய்யும் இடத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸில் பார்த்து வைத்திருந்தேன். பிரச்சினை இருப்பவர்தான் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை, வீட்டில் இருப்பவரும் கேட்கலாம். தமிழிலேயே பேசினார்கள். தூக்கம், சாப்பாடு, குளியல், நண்பர்கள், ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "சாகணும்னு ஏதாவது சொல்லியிருக்கானாம்மா?" என்றார் அந்த அம்மா. எனக்குத் தெரியவில்லை. "கேளுங்க. கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது" என்றார்.

அதைக் கேட்க எனக்கு நான்கு நாள் ஆனது. கடைசியில் விளக்கை அணைத்தபிறகு, இருட்டில்தான் கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மொட்டை மாடிக்குப் போலாமான்னு ரெண்டு வாட்டி தோணுச்சுக்கா" என்றான். நான் அழவில்லை, திட்டவில்லை. அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாளே மருத்துவமனைக்குப் போவது என்று முடிவானது.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். எங்கள் ஊரில் "கீழ்ப்பாக்கம்" என்பது வசவு. அங்கே இருக்கும் மனநல மருத்துவமனை 1794-லிருந்து இயங்குகிறது, தினமும் எத்தனையோ பேர் ஓ.பி.யில் காட்டிவிட்டு அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள், ஆனாலும் பெயரைச் சொன்னாலே கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று பயம். நான் விசாரித்ததில், பெரிய அரசு மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது என்று தெரிந்தது. அப்படி ஒன்றுக்குத்தான் போனோம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்பது அம்மாவின் இன்னொரு பயம். 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது. அப்படியிருக்க, இவன் மனசில் ஒன்று தோன்றியதைச் சொன்னான், அவ்வளவுதான். இதை அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன்.

சாதாரண பஸ்ஸில் எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் இல்லை, அவனுக்கு மட்டும் எடுத்தோம். ஒரு நாள் சம்பளம் போனது. வரிசை, சீட்டு, மறுபடி வரிசை. பெஞ்சில் உட்கார்ந்தபடி அவன் பேன்ட் பாக்கெட்டுக்குள் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தான். எட்டிப் பார்த்தேன், பழைய கேரம் ஸ்ட்ரைக்கர். விளிம்பு மஞ்சளாகி, ஒரு ஓரம் சில்லு பெயர்ந்தது. கூவம் கரையில் தெருவிளக்கின் கீழ் ஆடியது. ஐந்து வருடமாக அதை வைத்திருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது.

மருத்துவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். அப்புறம் எங்களிடம் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், அதுவரை பலன் இல்லை என்று நிறுத்தக் கூடாது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முதல் சில வாரம்தான் அதிகம் கவனிக்க வேண்டும், தனியாக விடாதீர்கள், படபடப்போ சாகும் பேச்சோ கூடினால் உடனே கூட்டி வாருங்கள். மாத்திரை அவன் கையில் மொத்தமாக இருக்க வேண்டாம். அம்மா தர்காவில் மந்திரித்துக் கட்டிய கயிற்றைப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், இதையும் சாப்பிடட்டும்" என்றார் மருத்துவர். அந்த ஒரு வார்த்தையில் அம்மா அவர் பக்கம் வந்துவிட்டார்.

தூக்கம் சரியானது, சாப்பிட்டான். ஆனாலும் கீழே இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது? பழைய கூட்டாளிகள் ஆளுக்கொரு பிளாக்கில், ஆளுக்கொரு ஊரில். மாத்திரை தூக்கத்தைத் தரும், கூட்டாளியைத் தராது. இதை நாங்கள்தான் தேட வேண்டியிருந்தது. பக்கத்து பிளாக்கில் சாயங்கால டியூஷன் நடத்தும் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்வைஸ் எதுவும் பண்ணவில்லை. மறுநாள் ஏழு மாடி ஏறி வந்து, "கேரம் போர்டு இருக்கு, பசங்களுக்கு ரூல் தெரியல, சொல்லிக்குடுக்க ஆள் வேணும்" என்று கேட்டார். உதவி வாங்கு என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டான். உதவி கேட்டதால் போனான்.

அந்த நவம்பரில் நம்ம சென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரமில் 3 தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுபவரின் மகள், இவன் வயசு. அந்த வாரம் முழுக்க போர்டைச் சுற்றி அதே பேச்சு. வீட்டுக்கு வந்து அவனாகவே எங்களிடம் சொன்ன முதல் செய்தி அதுதான்.

நடுவில் ஒரு சறுக்கல். "சரியாயிடுச்சு" என்று ஜனவரியில் மாத்திரையைத் தானாக நிறுத்தினான். மூன்றே வாரத்தில் மறுபடி மூலைக்குப் போய்விட்டான். இந்த முறை நான் திட்டவில்லை. உடனே மருத்துவரிடம் கூட்டிப் போனேன். நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாக, சொல்லிவிட்டு நிறுத்த வேண்டுமாம்.

இப்போது கணக்கைத் தனித்தேர்வராக எழுதப் படிக்கிறான். மாதம் ஒருமுறை ஓ.பி. போகிறோம். போன வாரம் மூன்றாவது மாடிப் பையன் ஒருத்தன் ரெண்டு நாளாக டியூஷனுக்கு வரவில்லை. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து, "போய் பாத்துட்டு வரேன்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். தட்டை மூடி வைத்தேன்.